மறு: தீர்ப்புக்கு முன் பெயர் போடாமல் விடுவதற்கு என்ன சொல்?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வழக்கில் சிக்கிய ஒருவரின் பெயரைத் தீர்ப்பு வருமுன் கலைக்களஞ்சியத்தில் போடாமல் விடுவதற்கு ஒரு தமிழ்ச் சொல் கேட்டிருந்தேன், மூன்று நாளாக அந்த மடல் இழை ஓடிக்கொண்டிருக்கிறது. தோட்டத்தில் இலை பறிப்பு இருந்ததால் இன்றுதான் எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தேன். பெயர் மறைப்பு, பெயர் நீக்கம், பெயர் காப்பு, பெயரடக்கம் என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன, நான்கிலும் எனக்குத் தயக்கம் உண்டு. அதைச் சொல்வதற்கு முன், எதைப் பார்த்து இந்தச் சொல்லைக் கேட்டேன் என்று சொல்லிவிடுகிறேன், முதல் மடலில் அதை எழுதாமல் விட்டுவிட்டேன்.

எங்கள் ஹட்டிக்கு (படுகர் ஊரை அப்படித்தான் சொல்வோம்) இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரு பக்கம் உண்டு. மக்கள்தொகை, தேயிலை, ஹெத்தை பண்டிகை, கோத்தகிரிக்குப் போகும் பேருந்து என்று மொத்தம் பத்து வரி இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் பதினொன்றாவது வரி ஒன்று சேர்ந்தது: திருட்டு வழக்கு ஒன்றில் இந்த ஊரைச் சேர்ந்த இன்னார் மகன் இன்னார், வயது இத்தனை, கைது செய்யப்பட்டார். கீழே நாளிதழ் சான்று. சேர்த்தவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, சான்று இருந்தது, சேர்த்தார். வழக்கு இரண்டரை வருஷம் இழுத்து, பையன் விடுதலையானான். விடுதலையை எந்த நாளிதழும் போடவில்லை. போடாததால் சான்று இல்லை, சான்று இல்லாததால் பக்கத்தில் அந்த வரி அப்படியே நின்றது. பெண் பார்க்கப் போன வீட்டில் போனை நீட்டி ‘இது நீங்கள்தானா’ என்று கேட்டிருக்கிறார்கள். அவனுடைய அம்மா இலை எடை போடும் இடத்தில் என்னைப் பிடித்தார், சாக்கை இறக்கி வைத்துவிட்டு, கை ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டே, படுக மொழியில் கேட்டார்: ‘நீதான் அதில் எழுதுகிறாயாமே, இதை அழிக்க முடியாதா?’

அன்றிரவே அழித்தேன். ஆனால் பழைய பதிப்புகள் எல்லாம் கிடக்கும் பக்க வரலாற்றைத் திறந்தால் வரி அப்படியே இருந்தது, அதை மறைக்க நிர்வாகிகளிடம் தனியாகக் கேட்க வேண்டியிருந்தது. இன்னொன்று, எங்கள் ஊரில் அதே பெயரில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, ஒரு முன்னெழுத்தும் பெயரும்தான். வழக்கு ஒருவன் மேல், பார்வை மூவர் மேலும்.

இனி மடல்களுக்கு வருகிறேன்.

> நாளிதழில் வந்துவிட்ட பெயரை நாம் மட்டும் மறைத்து என்ன பயன்?

அக்கா, நாளிதழ் மறுநாள் வர்க்கி பிஸ்கட் மடிக்கப் போய்விடும். அதன் இணையப் பக்கம் இருக்கும்தான், ஆனால் அதை ஒரு நாளின் செய்தியாகத்தான் படிக்கிறோம். கலைக்களஞ்சியத்தில் இருப்பதை முடிந்துபோன உண்மையாகப் படிக்கிறோம், தேடினால் முதலில் வந்து நிற்பதும் அதுதான். ஆங்கில விக்கிப்பீடியாவில் வாழும் மனிதர்களைப் பற்றிய கொள்கை 2005இல் உருவானதே ஒரு அடிக்குப் பிறகுதான்: ஜான் சீகன்தாலர் என்ற பத்திரிகையாளருக்குக் கென்னடி கொலையில் தொடர்பு இருந்ததாக யாரோ எழுதிய பொய் பல மாதம் பக்கத்திலேயே கிடந்தது. அந்தக் கொள்கை இன்று சொல்வது, பொதுவாழ்வில் இல்லாத ஒருவர் மேல் குற்றச்சாட்டு மட்டும் இருந்து தண்டனை இல்லை என்றால், அந்தச் செய்தியைச் சேர்க்காமல் விடுவதைத் தீவிரமாக யோசிக்க வேண்டும் என்பதே.

> குறிப்பிடத்தக்கமை இருந்தால் பெயர் வரத்தானே வேண்டும்?

குறிப்பிடத்தக்கமை என்றால் கலைக்களஞ்சியத்தில் இடம்பெறும் அளவு முக்கியத்துவம், சரி. ஆனால் யாருடைய குறிப்பிடத்தக்கமை? இங்கேதான் சறுக்குகிறோம். 2017 ஏப்ரலில் கொடநாடு எஸ்டேட்டில் காவலாளி கொல்லப்பட்டாரே, அந்த வழக்கு குறிப்பிடத்தக்கது, அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. முன்னாள் முதல்வரின் எஸ்டேட், தமிழ்நாடே பார்த்தது. அதற்காக அந்த வழக்கில் பெயர் அடிபடும் ஒவ்வொருவரும் குறிப்பிடத்தக்கவர் ஆகிவிடுவாரா? குறிப்பிடத்தக்கமை நிகழ்வுக்கு. அது தீட்டு மாதிரி தொட்டவர் மேலெல்லாம் ஒட்டாது. அமைச்சர் மேல் வழக்கு என்றால் பெயர் வரட்டும், பதவியே பெயரைக் கொண்டுவரும். மற்றவர்களுக்குத்தான் இந்தச் சொல்லைத் தேடுகிறேன்.

> நீதிமன்ற ஆவணம் பொது ஆவணம். 1994 தீர்ப்பைப் பார்க்கவும்.

பார்த்தேன் வழக்கறிஞர் ஐயா. கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிடுவது பற்றிய அந்தத் தீர்ப்பில், தனித்து விடப்படும் உரிமை குடிமக்களுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நீதிமன்ற ஆவணம் போன்ற பொது ஆவணத்தில் இருப்பதை வெளியிடலாம் என்றும் சொன்னது, பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு விலக்கு கொடுத்தது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றார்கள். விடுதலையான ஒருவர் தீர்ப்பிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் போனார், 2021இல் தனி நீதிபதி மறுத்தார், 2024 பிப்ரவரியில் மதுரைக் கிளை ஏற்றது, ஜூலையில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. ஆக சட்டம் இன்னும் பேசி முடிக்கவில்லை. ஆனால் சட்டம் ‘போடலாம்’ என்கிறதே தவிர ‘போடு’ என்று சொல்லவில்லையே. போடாமல் விடுவது நம் கையில்தான் இருக்கிறது, அந்தச் செயலுக்குத்தான் பெயர் கேட்கிறேன்.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘மறைப்பு’ என்றால் நாம் ஏதோ உண்மையை ஒளித்து வைப்பது போல இருக்கிறது. ‘நீக்கம்’ போட்ட பிறகு எடுப்பது, நான் கேட்பது போடுவதற்கு முன்பே. ‘காப்பு’ குற்றவாளியைக் காப்பாற்றுகிறோம் என்ற சண்டையை முதல் நாளே இழுத்துவரும். ‘அடக்கம்’ என்றால் எனக்கு இடுகாடு நினைவு வருகிறது. இவை எல்லாவற்றிலும் பெரிய குறை ஒன்று உண்டு, நான்குமே பெயரோடு நின்றுவிடுகின்றன. ‘கோத்தகிரி அருகே இன்ன ஹட்டியைச் சேர்ந்த, தேயிலைத் தொழிற்சாலை டிரைவர், வயது 34’ என்று எழுதிவிட்டுப் பெயரை மட்டும் விட்டால் யாருக்கு மறைத்தோம்? நாற்பது வீடு உள்ள ஊரில் அந்த வரியே பெயர்.

நேற்று இரவு இதை யோசித்துக்கொண்டிருந்தபோது தொல்காப்பியம் நினைவுக்கு வந்தது. அகத்திணையில் ‘சுட்டி ஒருவர்ப் பெயர் கொளப் பெறாஅர்’. காதலைப் பாடு, ஆனால் இன்னார் என்று பெயர் சொல்லாதே. உரைகாரர்கள் அதை எவ்வளவு கறாராகப் பிடித்தார்கள் தெரியுமா? நெடுநல்வாடையில் எந்த அரசன் பெயரும் இல்லை, முழுக்கப் பிரிவுத் துயரம். ஆனால் பாசறையில் ஒரு வேலின் தலையில் வேப்பந்தழை கட்டியிருக்கிறது, ‘வேம்பு தலை யாத்த நோன்காழ் எஃகம்’. வேம்பு பாண்டியன் அடையாளம். பெயர் சொல்லாமலே ஆளைக் காட்டிவிட்டது, ஆகவே இது அகம் அல்ல, புறம் என்று உரைகாரர் நச்சினார்க்கினியர் வகுத்துவிட்டார். ஒரே ஒரு தழை! வயது 34, டிரைவர், இன்ன ஹட்டி என்பதெல்லாம் அந்த வேப்பந்தழைதான்.

அதனால் என் முன்மொழிவு சுட்டாமை. பெயராலோ, ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரத்தாலோ ஒருவரைச் சுட்டாமல் எழுதுவது. அப்படிக் காட்டிக்கொடுக்கும் விவரத்துக்குச் சுட்டு விவரம், ஏற்கெனவே எழுதியதிலிருந்து அதை எடுப்பதற்குச் சுட்டு நீக்கம்.

எனக்கே தோன்றும் ஆட்சேபங்கள். ‘தீண்டாமை’ மாதிரி ஒலிக்கிறது என்று சொல்வீர்கள். வள்ளுவர் அதிகாரங்களைப் பாருங்கள்: புறங்கூறாமை, வெஃகாமை, கள்ளாமை, கொல்லாமை. செய்யாமல் இருப்பதையே ஒரு ஒழுக்கமாகப் பெயரிட நமக்கு நன்றாகத் தெரியும், புறங்கூறாமைக்குப் பக்கத்தில் சுட்டாமையை வைத்தால் அந்நியமாகத் தெரியவில்லை. போலீஸ் சுடாமல் விட்டதாகப் படிப்பார்களா என்றால், அது சுடாமை, ஒற்று வித்தியாசம் போதும். கணினித் தமிழில் சுட்டி என்றால் இணைப்பு ஆயிற்றே என்பது கொஞ்சம் வலுவான ஆட்சேபம். ஆனால் அதில் ஒரு நல்லதும் இருக்கிறது: நாம் பெயர் போடாமல் விட்டாலும் சான்றுக்குக் கொடுக்கும் இணைப்பின் தலைப்பிலேயே பெயர் இருக்கலாம். தலைப்பில் பெயர் இல்லாத சான்றைத் தேடி வைப்பதும் சுட்டாமையில் அடங்கும் என்று வரையறையில் சேர்த்துவிடலாம்.

அப்புறம், குற்றம் சாட்டப்பட்டவருக்கு என்ன எழுதுவது என்று கொடைக்கானல் ஆசிரியர் கேட்டிருந்தார். ‘குற்றவாளி’ தீர்ப்புக்குப் பிறகுதான், அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். காவல்துறைத் தாள்களில் ‘எதிரி’ என்று வரும், முதல் எதிரி, இரண்டாம் எதிரி என்று. அது வழக்குக் கட்டுக்குள் சரி, கலைக்களஞ்சியத்தில் படிப்பவருக்குப் பகைவன் என்றுதான் படும். இலங்கைத் தமிழர்கள் எழுதும் ‘சந்தேகநபர்’ கைதான கட்டத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது, எடுத்துக்கொள்ளலாம். குற்றப்பத்திரிகை வந்த பிறகு ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ என்றே நீட்டி எழுதுவோம், நீளம் என்று சுருக்கினால் ‘குற்றவாளி’யில்தான் போய் முடிகிறது.

கொள்கைப் பக்கத்துக்கு ஒரு வரி வரைந்திருக்கிறேன், திருத்துங்கள்: ‘பொதுவாழ்வில் இல்லாத ஒருவர் மீதான வழக்கில், தண்டனைத் தீர்ப்பு வரும்வரை சுட்டாமையைக் கடைப்பிடிக்க. ஊர், தொழில், வயது, தந்தை பெயர் ஆகியவை சேர்ந்து ஆளைக் காட்டுமானால் அவையும் சுட்டு விவரங்களே. விடுதலையானால் பழைய பதிப்புகளிலும் சுட்டு நீக்கம் செய்க.’

கடைசி வாக்கியத்துக்கு நிர்வாகிகள் ஒப்புதல் வேண்டும். பக்க வரலாற்றில் மறைப்பதற்கு இப்போது எத்தனை நாள் ஆகிறது என்று நிர்வாகியாக இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள். எனக்குப் பதினாறு நாள் ஆனது, அந்தப் பதினாறு நாளும் அந்த அம்மா எடை போடும் இடத்தில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோத்தகிரியிலிருந்து,
அன்புடன்