சிவிலைசேஷன் 5: மூன்று கட்டத் தொலைவிலிருந்து ஆர்டில்லரியால் சுட முடியவில்லை, உதவி தேவை

கேள்வி

வணக்கம். சிவிலைசேஷன் 5 என்ற கணினி வியூக விளையாட்டைப் பிரேவ் நியூ வேர்ல்டு என்ற கூடுதல் தொகுப்புடன் ஆடி வருகிறேன். டைனமைட் என்ற தொழில்நுட்பத்தின் ஆய்வு முடிந்ததும் என்னிடமிருந்த மூன்று கேனன்களையும் (பழைய வகைப் பீரங்கி) ஆர்டில்லரியாக (அடுத்த நிலைப் பீரங்கி) மேம்படுத்தினேன். வீச்சு 3 கட்டம் என்று காட்டினாலும், அந்தத் தொலைவில் நிறுத்தினால் எதிரி நகரைக் குறிவைக்கவே முடியவில்லை. 2 கட்டத்துக்கு நெருங்கினாலோ நகரம் சுட்டே அழித்துவிடுகிறது. நான் எதைத் தவறவிடுகிறேன்?

மறுமொழி 1

நண்பரே, நகரத்தின் வீச்சு 2 கட்டம்தான் என்பதால், 3 கட்டத்தில் நிற்பதே சரி. குறை பார்வையில் இருக்கிறது. ஆர்டில்லரி தன் வீச்சின் எல்லை வரை தானாகப் பார்க்காது. ஆனால் இடையில் மலையோ காடோ இருந்தாலும், உங்கள் வேறொரு படை அந்த இலக்கைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதனால் சுட முடியும். கேனன் வரையிலான பீரங்கிகளுக்கு இல்லாத இந்தத் திறனுக்காகவே டைனமைட்டை விரைந்து அடைவது தகும் என்று உறுதியாகச் சொல்வேன். ஒரு குதிரைப்படையை நகருக்கு 2 கட்டம் அருகே அனுப்பிவிட்டுப் பிறகு சுடுங்கள்.

மறுமொழி 2

மேலே சொன்னது சரி, வரிசையும் முக்கியம். குதிரைப்படையை முதலில் நகர்த்தி, மூன்று பீரங்கிகளும் சுட்டு முடியும் வரை அங்கேயே வைத்திருந்து, எஞ்சிய நகர்வுப் புள்ளிகளைக் கொண்டு அதே சுற்றில் பின்வாங்கச் செய்தால், நகரம் திருப்பிச் சுட அதற்கு யாரும் எட்டமாட்டார்கள். முன்னதாகவே பின்வாங்கினால் பார்வை மறைந்துவிடும். சுடுவதற்கு முன் பீரங்கியை நிலைநிறுத்த ஒரு நகர்வுப் புள்ளி செலவாகும். ஆகவே நகர்ந்து வந்த சுற்றில் சுட இயலாது, அடுத்த சுற்றில்தான் முடியும். நகருக்கு வெளியே வந்து தாக்கும் எதிரிப் படைகளைத் தடுக்கப் பீரங்கிகளுக்கு முன்னால் காலாட்படையை நிறுத்துங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. குதிரைப்படையை அனுப்பியும் முதலில் நகரம் தெரியவில்லை. நடுவே காடு மறைத்திருந்தது. பக்கத்துக் குன்றின் மீது ஏற்றியதும் தெரிந்தது. நான்கு சுற்றுகளில் நகரத்தின் வலிமை ஏறக்குறைய தீர்ந்துவிட்டது, ஒரு பீரங்கியும் அடிபடவில்லை. ஆனால் அதற்கு மேல் எவ்வளவு சுட்டும் நகரம் விழவில்லையே?

மறுமொழி 2

பீரங்கியால் நகரைக் கைப்பற்ற இயலாது; நெருங்கிப் போரிடும் படையொன்று உள்ளே நுழைய வேண்டும். குன்றின் மேல் நிற்கும் அதே குதிரைப்படையைக் கொண்டு இந்தச் சுற்றிலேயே தாக்குங்கள், ஏனெனில் நகரம் ஒவ்வொரு சுற்றிலும் சிறிது வலிமையை மீட்டுக்கொள்ளும்.