டோப்பமினுக்குத் தமிழ்ப் பெயர் வேண்டுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

மூளையைப் பற்றிய பாடநூல் இயல் ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் மொழிபெயர்த்து முடிக்க வேண்டியுள்ளது. நரம்புகளிடையே செய்தி கொண்டுசெல்லும் வேதிப்பொருளான டோப்பமினை 'மகிழ்ச்சி ஹார்மோன்' என்று எழுதும் வழக்கம் பரவியிருப்பதால், மாணவர்க்கு எளிதாக இருக்கட்டும் என்று 'இன்பச்சுரப்பு' என எழுதிவைத்தேன். தங்கள் கருத்தை அறிய விழைகிறேன்.

* * *

ஐயா,

இன்பச்சுரப்பு வேண்டாம். 'நசை' என்னும் பழஞ்சொல் நம்மிடம் இருக்கிறது. 'நச்சப் படாஅ தவன்' என்று வள்ளுவர் ஆளும் நச்சுதல் என்ற வினையோடு உறவுடைய அச்சொல், விருப்பத்தையும் எதிர்பார்ப்பையும் ஒருங்கே குறிக்கும். கந்தகம், கரிமம் போல அம்மீறு கொடுத்து 'நசையம்' என்றால் பொருட்பெயராகவும் நிற்கும்.

* * *

அன்புள்ள புலவர் ஐயாவுக்கு,

உண்மைக்கு இன்பத்தைவிட நசையே நெருக்கமானது என்பதை மருத்துவம் படித்தவள் என்ற முறையில் ஒப்புக்கொள்கிறேன். டோப்பமின் அற்றுப்போன எலி உணவைத் தேடிச் செல்வதில்லை. ஆனால் இனிப்பை நாவில் வைத்தால் சுவைத்து மகிழும் முகக்குறியை அது காட்டவே செய்கிறது. நரம்பியல் ஆய்வாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளில் கண்டதும் இதற்கு அணுக்கமானதே: பழச்சாறு எதிர்பாராமல் கிடைத்தபோது கிளர்ந்த டோப்பமின் செல்கள், பழகிய பின் சாற்றுக்கு அன்றி அதை முன்னறிவிக்கும் குறிக்கே கிளர்ந்தன, குறி தோன்றியும் சாறு வாராதபோது அவற்றின் துடிப்பு வழக்கத்தினும் தாழ்ந்தது.

ஆயினும் நசையம் எனக்கு உடன்பாடன்று. நடுமூளையின் கரும்பொருட் பகுதியில் இதே டோப்பமினைத் தரும் செல்கள் அழிவதால்தான் பார்க்கின்சன் நோயில் உடல் விறைத்து அசைவு மந்தமாகிறது. மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலோ இது, தாய்ப்பாலை ஊறச்செய்யும் புரோலாக்டின் ஹார்மோனின் சுரப்பை அடக்குகிறது. இவற்றுள் எந்த வேலையைப் பெயராக்குவது? மேலும், டோப்பமின் குருதியிலிருந்து மூளைக்குள் நுழைய இயலாது என்பதால், நுழையவல்ல அதன் முன்னோடியான லெவோடோப்பாவை மருந்தாகத் தருகிறோம். அது உள்ளே சென்று டோப்பமினாக மாறுகிறது. டோப்பா, டோப்பமின் என்ற பெயர்களிலேயே தெரியும் இந்த உறவை நசையம் அறுத்துவிடும். 'நச்சு' என்றதும் இன்றைய மாணவர் நஞ்சை நினைப்பார் என்பது வேறு.

* * *

அம்மையாரின் மடல் கண்டேன். ஒலிபெயர்ப்பே முடிவு என்றால் டகரம் மொழிக்கு முதலாகாது என்பதையாவது மதிப்போம். 'வடவெழுத்து ஒரீஇ' (வடமொழிக்குரிய எழுத்தை நீக்கி) என்று தொல்காப்பியர் வடசொல்லுக்கு வகுத்த நெறியை இதற்கும் கொண்டு 'தோப்பமின்' என்று எழுதலாமே.

* * *

தோப்பில் மின்னுவது எது என்று வகுப்பில் கேட்பார்கள், ஐயா! டாக்டரையும் டயரையும் டகரத்தோடு எழுதிவிட்டு இங்கே மட்டும் இலக்கணம் பார்ப்பானேன்? ஆனால் பகரத்தை இரட்டிப்பது தேவையே. உயிர்களுக்கு இடையே தனித்து நிற்கும் பகரம் மெலிந்து ஒலிக்குமாதலால், 'டோபமின்' என்று எழுதினால் பிழையாகவே படிக்கப்படும்.

* * *

அனைவருக்கும் நன்றி. பெரும்பாலோர் ஏற்றதாலோ சலித்ததாலோ, 'டோப்பமின்' என்றே அனுப்புகிறேன். முதலில் வரும் இடத்தில் 'நாட்டம், கற்றல், உடலசைவு ஆகியவற்றில் பங்குகொள்ளும் நரம்பியக் கடத்தி' என்று விளக்கம் சேர்த்திருக்கிறேன்.

* * *

ஐயா,

நசையத்தை நான் கைவிடவில்லை. அது கிடக்கட்டும், 'கடத்தி' என்பதை எப்படி ஏற்றீர்கள்? செப்புக்கம்பி தான் நின்ற இடத்தில் நின்று மின்னைக் கடத்துகிறது. டோப்பமினோ நரம்புமுனையிலிருந்து தானே புறப்பட்டு, இடைவெளியைக் கடந்து, மறுபக்கத்து ஏற்பியைச் சென்று சேர்கிறது. அது கடத்தி அன்று, தூது. இதைத் தனி இழையில் விரிவாக எழுதுகிறேன்; வெள்ளிக்கிழமை வரை அச்சொல்லை அச்சுக்கு அனுப்ப வேண்டாம்.