பக்தியான வளர்ப்பும் தன்பாலீர்ப்பும் மோதும்போது: எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது?

ஈரிலை கேட்டது:

வணக்கம். கடவுள் நம்பிக்கையில் ஊறிய குடும்பத்தில் வளர்ந்த ஒருவர், இருபதை ஒட்டிய வயது. ஈர்ப்பு தன் பாலினத்தார்மேல்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. நம்பிக்கையை விடவும் மனமில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு யோசனை சொல்ல வருகிறவர்கள் இரண்டு கட்சி. ஒன்று ‘மதத்தைத் தலைமுழுகு’ என்கிறது, இன்னொன்று ‘மனமுருகி வேண்டிக்கொள், போய்விடும்’ என்கிறது. இரண்டுமே கைகொடுப்பதில்லை.

முதல் சில மாதங்களில் என்ன செய்யலாம், எதைத் தொடக்கூடாது? குற்ற உணர்ச்சியை எப்படிக் கையாள்வது? மதகுருவிடமோ கவுன்சிலரிடமோ போனால் எதைக் கவனிக்க வேண்டும்? சொந்தக் கதைகள் வேண்டாம். விவரம் தெரிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

நடுப்பக்கம்:

தொடக்கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேன். பயம் உச்சியில் இருக்கும்போது, திரும்பி வர முடியாத முடிவு எதுவும் கூடாது. அவசரக் கல்யாணம், துறவறம், ஒரே நாளில் எல்லாருக்கும் அறிவிப்பது, வீட்டையும் மதத்தையும் சேர்த்து உதறிவிட்டுக் கிளம்புவது. பார்க்க ஒன்றுக்கொன்று எதிரானவை. ஆனால் நான்குக்கும் அடியில் இருப்பது ஒரே ஆசை: இந்த இழுபறி இன்றைக்கே முடிந்துவிட வேண்டும். இவற்றில் கல்யாணம்தான் மிக மோசம். ‘கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்’ என்று நம்பிச் செய்வது, ஒன்றும் அறியாத இன்னொருவர் தலையில் போய் விடிகிறது. ஈர்ப்பு அதனால் மாறுவதில்லை.

செய்ய வேண்டியது, சிக்கலை மூன்றாகப் பிரிப்பது. பயம் (தண்டனை, நரகம், சாபம்). நம்பிக்கை (அவர் உண்மையென்று ஏற்றிருப்பது). சொந்தம் (வீடு, கூட்டு வழிபாடு, சின்ன வயதிலிருந்து பழகிய முகங்கள்). மனதை அரிக்கும் வாக்கியங்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் இது மூன்றில் எது, இதை முதலில் சொன்னது யார் என்று குறிக்கச் சொல்லுங்கள். ‘அம்மா தாங்கமாட்டாங்க’ என்பது சொந்தம், அதில் இறையியல் ஒன்றுமில்லை. ‘கடவுள் என்னைக் கைவிட்டுட்டார்’ பயம். ‘உடல் கடவுள் தந்தது, அதை மதிக்கணும்’ நம்பிக்கை, அது இருந்துவிட்டுப் போகட்டும். எழுதிய தாளைக் கிழித்துவிட வேண்டும், வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

ஏன் பிரிப்பது என்றால், மூன்றுக்கும் மருந்து வேறு. வழக்கமாக நடக்கும் தவறு, சொந்தத்தின் வலிக்கு வேத வசனத்தில் பதில் தேடுவது. ராத்திரி இரண்டு மணிவரை விளக்கவுரைகளைப் புரட்டி, அந்த வசனத்துக்கு வேறு அர்த்தம் உண்டு என்று நிரூபித்தாலும் தூக்கம் வராது. காரணம், அங்கே இருப்பது அம்மாவின் முகம்.

இன்னொன்று. இரட்டை வாழ்க்கை, அதாவது வழிபாட்டில் ஒரு ஆள், நண்பர்களிடம் வேறு ஆள், தற்காலிகமாக இருந்தால் தவறில்லை. பாதுகாப்புக்கு அது தேவைப்படலாம். வருடக்கணக்கில் நீளும்போதுதான் உடம்பையும் மனசையும் உருக்கும். ‘எதுவரைக்கும்?’ என்பதற்கு ஒரு எல்லை வைத்துக்கொள்வது நல்லது: படிப்பு முடியும்வரை, சொந்த வருமானம் வரும்வரை என்று.

மூன்றாம்ஜாமம்:

குற்ற உணர்ச்சி பத்தி மட்டும் எழுதறேன், ஏன்னா இதுலதான் நல்லெண்ணத்தோட நிறையப் பேர் கெடுத்து விடறாங்க.

ரெண்டு வகை கலந்து கிடக்கும். ஒண்ணு, வளர்ப்புல ஏறின வெட்கம். சரியான தகவல், தன்னைப் போல இன்னும் நாலு பேர், கொஞ்சம் காலம், இவ்வளவும் கிடைச்சா மெல்லக் குறையும். இன்னொண்ணு ஓசிடி, அதாவது வேண்டாத நினைப்பு விடாம வந்து, அதை அடக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கற மனநோய். பாவ பயத்தைப் பிடிச்சுக்கிட்டுச் சுத்தற ஓசிடி எல்லா மதத்துலயும் உண்டு. அடையாளம் எப்படி இருக்கும்னா: பிரார்த்தனை நடுவுல ஒரு நினைப்பு குறுக்கே வந்துது, அது ‘செல்லாது’ன்னு முதல் வரியிலிருந்து திரும்ப ஆரம்பிக்கறது. நாலாவது வரியில மறுபடி நினைப்பு வரும், மறுபடி முதல்லேருந்து. அஞ்சு நிமிஷப் பிரார்த்தனை ஒரு மணி நேரம் ஆகும். ஒரே விஷயத்துக்குத் திரும்பத் திரும்ப மன்னிப்பு கேட்கறது, ஒருத்தரைப் பார்த்து ‘இப்ப உடம்புல ஏதாவது தோணுதா’ன்னு சோதிக்கறது, ‘இது பாவமா’ன்னு தினமும் தேடறது, இதெல்லாம் அதே வகை.

இதுல ஆறுதல் சொல்றதே வினையாப் போகும். ‘பாவமில்லப்பா’ன்னு நீங்க சொன்னா பத்து நிமிஷம் நிம்மதி, அப்புறம் இன்னும் பலமாச் சந்தேகம். ஒவ்வொரு ஆறுதலும் அந்தச் சுழலுக்குத் தீனி. அதனால ஒரு தடவை மட்டும் பதில் சொல்லுங்க, திரும்பக் கேட்டா ‘இது சந்தேகம் பேசுது, பதில் சொல்ல மாட்டேன்’னு அன்பா நிறுத்துங்க. சிகிச்சை, பயத்தை எதிர்கொண்டு சடங்கைச் செய்யாம இருக்கப் பழக்கற முறை, பொதுவா 12 முதல் 20 அமர்வு. தேவைப்பட்டா எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்து (மனச்சோர்வுக்கும் தர்ற மாத்திரை). அது ஓசிடியில வேலை செய்ய 8 முதல் 12 வாரம் ஆகும், மூணாவது வாரத்துல ‘பலனில்லை’ன்னு நிறுத்தறதுதான் அடிக்கடி நடக்கற தப்பு. முடிஞ்சா சிகிச்சை தர்றவரும் மதகுருவும் ஒரே விதியைச் சொல்லணும்: ‘பிரார்த்தனை ஒரு தடவை. தப்பா வந்தாலும் திரும்பச் சொல்லக் கூடாது.’

ஒரு எச்சரிக்கை. எதிர்பாலீர்ப்பு உள்ளவங்களுக்கும் ‘நான் தன்பாலீர்ப்பாளரோ’ன்னு ஓசிடி வரும். தன்பாலீர்ப்பாளருக்கும் ஓசிடி வரும். சிகிச்சை அந்தச் சுழலுக்குத்தான், ஈர்ப்புக்கு இல்லை. இந்த வித்தியாசம் தெரியாத கவுன்சிலர் முதல் ஆளை ‘நீ மறைக்கறே’ம்பார், ரெண்டாம் ஆளை ‘உனக்கு வெறும் ஓசிடிதான்’ம்பார். ரெண்டுமே ஆபத்து.

ஓசிடி இல்லாதவங்களுக்கு: நேர்ச்சை, விரதம், ‘இன்னும் நாப்பது நாள் வேண்டினா மாறிடும்’ங்கற பேரம், இதுல ஒரு பொறி இருக்கு. மாறலைன்னா முறை தோத்துப்போச்சுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, உன் விசுவாசம் பத்தலைம்பாங்க. வழிபாட்டை நிறுத்தச் சொல்ல வேணாம். ‘என்னை மாத்து’ங்கற கோரிக்கையை மட்டும் எடுத்துட்டு ‘என்கூட இரு’ன்னு வைக்கச் சொல்லுங்க. மதமும் மன அழுத்தமும் பத்தி அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் செய்த ஆய்வுகள் காட்டறதும் இந்தப் பக்கம்தான்: கடவுளைத் துணையா நினைக்கறவங்க தாங்கிக்கறாங்க, கடவுள் தண்டிக்கறார்னு நினைக்கறவங்க நொறுங்கறாங்க. நம்பிக்கை எவ்வளவு ஆழம்ங்கறதைவிட அது எந்தத் திசையில இருக்குங்கறதைப் பாருங்க.

செங்காந்தள்:

கவுன்சிலர், மதகுரு இரண்டுக்கும் சேர்த்து.

பின்னணி சுருக்கமாக: அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இல் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. உலக சுகாதார அமைப்பு 1990 மே 17 அன்று நீக்கியது. ஈர்ப்பை மாற்றலாம் என்று சொல்பவர்கள் நெடுநாள் கையில் வைத்திருந்தது அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் ஸ்பிட்சரின் 2003 ஆய்வு. 200 பேரிடம் தொலைபேசியில் கேட்டு, அவர்கள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்ட ஆய்வு அது. 2012இல் அவரே அதற்காக மன்னிப்புக் கேட்டார். மாற்றும் அமைப்புகளில் பெயர்பெற்ற எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் 1976இல் தொடங்கி 2013இல், தலைவரின் மன்னிப்போடு, மூடப்பட்டது. வீட்டார் ‘எங்கேயோ மாற்றுகிறார்களாமே’ என்று வரும்போது இந்த இரண்டும் போதும்.

முதல் அமர்விலேயே கவுன்சிலரிடம் நேராகக் கேட்க வேண்டியவை: ஈர்ப்பை மாற்ற முடியும் என்று நினைக்கிறீர்களா? நான் நம்பிக்கையோடு தொடர விரும்பினால் உங்களுக்குச் சரிதானா? எந்தச் சூழ்நிலையில் என் வீட்டாருக்குச் சொல்வீர்கள்? முதல் கேள்விக்கு ‘முடியாது’ என்று தெளிவாக வர வேண்டும். ‘உனக்கு மனசிருந்தா…’ என்று இழுத்தால் எழுந்து வந்துவிடலாம். இரண்டாவதும் அதே அளவு முக்கியம். மதத்தை விட்டால்தான் குணமாவாய் என்று நினைப்பவரும் தன் முடிவைத்தான் திணிக்கிறார். அமெரிக்க உளவியல் சங்கம் 2009இல் வெளியிட்ட அறிக்கை, மாற்றும் முயற்சிகள் பலிக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது. முடிவு இதுதான் என்று முன்கூட்டியே தீர்மானிக்காமல் ஆளோடு சேர்ந்து தேட வேண்டும் என்றும் அதே அறிக்கை சொன்னது.

மாற்றும் சிகிச்சை இப்போது அந்தப் பெயரில் வருவதில்லை. குழந்தைப் பருவக் காயம் ஆற்றுவது, ஆண்மைப் பயிற்சி முகாம், பேயோட்டுதல், ஹார்மோன் ஊசி என்றெல்லாம் வரும். ஹார்மோன் ஊசி பாலுணர்வின் வேகத்தைக் கூட்டலாம், திசையை மாற்றாது.

மதகுருவிடம் ‘நான்’ என்று தொடங்க வேண்டாம். ‘இப்படி ஒருவர் உங்களிடம் வந்தால் என்ன சொல்வீர்கள்?’ என்று கேட்டுவிட்டு, பதிலைவிட வரிசையைக் கவனியுங்கள். அந்த ஆள் பத்திரமாக இருக்கிறாரா என்று முதலில் கேட்டால் மேலே பேசலாம். முதலில் வசனமோ ‘பெற்றோருக்குத் தெரியுமா’ என்பதோ வந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம். ரகசியம் பற்றி ஒரு தப்பெண்ணம் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையில் பாவசங்கீர்த்தனத்தில் (பாவங்களைக் குருவிடம் அறிக்கையிடும் சடங்கில்) சொன்னதைக் குருவானவர் எக்காரணம் கொண்டும் வெளியிடக் கூடாது. அதே குருவிடம் அலுவலக அறையில் பேசியதற்கு அந்தக் கட்டாய ரகசியம் கிடையாது. எந்த மதமானாலும், எழுத்தில் அனுப்பாதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியது யார் கைக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது.

ஓட்டுத்திண்ணை:

நடுப்பக்கம் சொன்ன ‘நம்பிக்கை இருந்துவிட்டுப் போகட்டும்’ என்பதில் எனக்கு முழுச் சம்மதமில்லை. நம்பிக்கையையும் ஒருநாள் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

கத்தோலிக்கப் போதனை ஈர்ப்பையும் செயலையும் பிரிக்கிறது: ஈர்ப்பு பாவமில்லை, செயல்தான் பாவம். இஸ்லாமிய அறிஞர்கள் பலரும் மனதின் நாட்டத்துக்குக் குற்றம் எழுதப்படாது, செயலுக்குத்தான் என்பார்கள். முதல் சில வாரங்களில் இது பெரிய ஆறுதல். ஆனால் இதன் மறுபக்கம் ஆயுள் முழுக்கத் தனிமை என்பதை யாரும் உடனே சொல்வதில்லை. பிரம்மச்சரியத்தைத் தானாகத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு, அதை மதிக்கலாம். அது தேர்வா திணிப்பா என்று பார்க்க ஒரு சோதனை: அந்த வாழ்க்கையில் நெருங்கிய நட்பும், உண்மை தெரிந்த ஒரு சிலராவதும் இருக்கிறார்களா? எல்லாரையும் விட்டு ஒதுங்கி, யாரையும் தொடவே பயந்து இருந்தால் அது துறவு இல்லை.

மதங்களுக்குள்ளேயே ஒரே குரல் கிடையாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தன்பாலீர்ப்பாளர்களை வரவேற்கும் மெட்ரோபாலிட்டன் கம்யூனிட்டி சர்ச் 1968இல் தொடங்கியது. அமெரிக்கச் சீர்திருத்த யூத ரபிக்களின் (யூத மதகுருக்களின்) சங்கம் 2000இல், ஒரே பாலினத்தாரின் இணைவுச் சடங்கை நடத்தித்தரும் ரபிக்களை ஆதரிக்கத் தீர்மானித்தது. அதேநேரம், நூலைவிடக் கடமையும் வம்சமும் பெரிதாக இருக்கும் மரபுகளில் வசன வாதம் ஒன்றுக்கும் உதவாது. அங்கே கேள்வியே ‘குடும்பம் தழைக்குமா, கடைசிக் காரியம் யார் செய்வது’ என்பதுதான். அதற்கு அந்தத் தளத்தில்தான் பதில் வேண்டும்.

விலகத்தான் வேண்டும் என்று ஒருவர் முடிவெடுத்தால், மெதுவாக. மதத்தோடு போவது கடவுள் மட்டுமில்லை. வாரத்தின் ஒழுங்கு, பாட்டு, நோயில் எட்டிப்பார்க்கும் ஆட்கள், எல்லாம் சேர்ந்து போகும். மாற்று ஒன்றைக் கட்டிக்கொண்டு, பிறகு ஒவ்வொன்றாக விடுவது நல்லது. ஒரே நாளில் விட்டவர்களில் பலர் ஆறு மாதத்தில் தனிமை தாங்காமல், முன்பைவிடக் கடுமையான கூட்டத்தில் போய் விழுவதுண்டு.

ஈரிலை:

நன்றி. வீட்டில் சொல்வது பற்றி? குறிப்பாக, பணத்துக்குப் பெற்றோரை நம்பியிருப்பவர் என்றால்?

கற்பூரவல்லி:

சொல்லியே ஆகணும்னு கட்டாயம் இல்லைங்க, இதை முதல்ல அவங்களுக்கு அழுத்திச் சொல்லுங்க. சொல்லாம இருக்கறது பொய் இல்லை.

சொல்றதா இருந்தா அதுக்கு முன்னாடி: சான்றிதழ்கள், அடையாள அட்டைகள் தன் கையில. தன் பேர்ல மட்டும் வங்கிக் கணக்கு. ‘கதவைச் சாத்திட்டாங்க’ன்னா அன்னிக்கு ராத்திரியே போய்ப் படுக்க ஒரு இடம், அந்த வீட்டுக்காரர்கிட்ட முன்னமே பேசி வெச்சிருக்கணும். போன்ல குடும்பத்தோட பகிர்ந்த புகைப்படக் கணக்கு இருக்கான்னு பார்க்கணும், பல பேர் மாட்டறது அங்கதான். இதெல்லாம் தயார் இல்லைன்னா தள்ளிப்போடுங்க.

முதல்ல பெற்றோர் வேணாம். கூடப்பிறந்தவங்களோ சித்தியோ மாமாவோ, வாயை மூடிக்கிட்டு இருப்பாங்கன்னு ஏற்கெனவே தெரிஞ்ச ஒருத்தர். நேரம்: சண்டைக்கு நடுவுல கூடாது, விசேஷ நாள்ல கூடாது, ஓடற வண்டியில கூடாது, ராத்திரி வேணாம். சொல்றது சின்னதா: ‘அம்மா, எனக்கு ஆம்பளைங்க மேலதான் ஈர்ப்பு. ரொம்ப நாளாத் தெரியும். கடவுளையும் விடலை, உங்களையும் விடலை.’ அதோட நிறுத்தணும். அன்னிக்கு வசன விவாதத்துல இறங்கக் கூடாது, அதுல யாரும் ஜெயிச்சதில்லை. ‘இதை அடுத்த வாரம் பேசுவோம்’னு எழுந்துடலாம்.

பெத்தவங்களுக்குச் சொல்ல ஒரு தகவல். அமெரிக்க ஆய்வாளர் கெய்ட்லின் ரயன் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வுல, சான் பிரான்சிஸ்கோ பக்கத்துல தன்பாலீர்ப்போ இருபாலீர்ப்போ உள்ள 21 முதல் 25 வயசுக்காரங்க 224 பேர். வீட்டுல கடுமையா நிராகரிக்கப்பட்டவங்க தற்கொலைக்கு முயன்றது, நிராகரிப்பு இல்லாத அல்லது குறைவா இருந்த வீட்டுப் பிள்ளைகளைவிட 8.4 மடங்கு. சின்ன ஆய்வு, காரணம் இதுதான்னு அடிச்சுச் சொல்ற வகையும் இல்லை. ஆனா பெத்தவங்க ‘அக்கறை’ன்னு நினைச்சுச் செய்யறதும் அதுல நிராகரிப்பாத்தான் எண்ணப்பட்டிருக்கு: நண்பர்களைத் தடுக்கறது, கடவுள் தண்டிப்பார்னு சொல்றது, யார்கிட்டயும் மூச்சு விடாதேங்கறது. பெத்தவங்க தங்களோட நம்பிக்கையை மாத்திக்காமலே இதையெல்லாம் நிறுத்த முடியும். அதைத்தான் முதல்ல கேட்கணும்.

செத்துடலாம்னு நினைப்பு வருதுன்னா இந்த உரையாடல் எதுவும் வேணாம், முதல்ல அதுக்கு வழி. நினைப்பு வர்றதுக்கு முன்னாடி தெரியற அறிகுறி, தனியாச் செய்யக்கூடியது ரெண்டு, போய் உட்காரக்கூடிய இடம், கூப்பிடக்கூடிய ஆள், மருத்துவர் அல்லது உதவி எண், இந்த வரிசையில எழுதி போன்ல வெச்சுக்கணும். மாத்திரை மாதிரி ஆபத்தானது எதுவும் வீட்டுல கைக்கு எட்டற இடத்துல இருக்கக் கூடாது.

ஈரிலை:

மிக்க நன்றி. கடைசியாக ஒன்று: பெற்றோரைச் சமாதானப்படுத்த மதகுருவையே வீட்டுக்கு அழைத்து வரலாமா?

செங்காந்தள்:

மேலே சொன்ன ‘இப்படி ஒருவர் வந்தால்’ கேள்வியில் தேறியவர் என்றால் மட்டும். என்ன பேசப்போகிறார் என்பதை முன்கூட்டியே அவரோடு பேசி முடிவுசெய்ய வேண்டும். பேசும்போது சம்பந்தப்பட்டவர் அதே அறையில் இருக்க வேண்டும். ‘நீ வெளியே இரு, பெரியவங்க பேசிக்கிறோம்’ என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.