மறுமொழி: 'த்லகோத்லி' – 'அடிமை' போதுமா, புதுச்சொல் வேண்டுமா?

குழுவினருக்கு வணக்கம்.

அஸ்டெக் (பழைய மெக்சிகோவின் பேரரசு) பொருளாதாரச் சொற்பட்டியலில் பாதிக்குமேல் முடிந்துவிட்டது. கடனுக்காகவோ குற்றத்துக்காகவோ தன் உழைப்பை இன்னொருவருக்கு ஒப்படைத்தவரைக் குறிக்கும் 'த்லகோத்லி' என்ற இந்த ஒரு சொல்லில்தான் வண்டி நிற்கிறது.

> "அடிமை என்று பழகிய சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு? படிப்பவர் மிரண்டுவிடுவார்."

ஐயா, பழகிய சொல் என்பதுதான் இங்கே சிக்கல். அடிமை என்றதும் கப்பல், கரும்புத் தோட்டம், தலைமுறை தலைமுறையாகத் தொடரும் விலங்கு என்றெல்லாம் படிப்பவர் மனத்தில் ஓடும். அஸ்டெக் தலைநகர் தெனோச்தித்லானில் த்லகோத்லியின் பிள்ளை சுதந்திரமாகவே பிறந்தது. த்லகோத்லி மணம் செய்துகொள்ளலாம், வீடும் நிலமும் வைத்துக்கொள்ளலாம், தனக்குக் கீழே இன்னொரு த்லகோத்லியைக்கூட வைத்துக்கொள்ளலாம். எசமானருக்குச் சேரவேண்டியது அவருடைய உழைப்பு மட்டும். ஒழுங்காக வேலை செய்பவரை அவர் சம்மதம் இல்லாமல் வேறொருவருக்கு விற்க முடியாது. வாங்கிய விலையைத் திருப்பிக் கட்டினால் விடுதலை. குடும்பத்தில் இன்னொருவர் வந்து அவர் இடத்தில் நிற்கவும் வழி இருந்தது.

எப்படி ஒருவர் இந்த நிலைக்கு வந்தார் என்று பார்த்தால் சொல்லும் கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன். திருடியவன் பொருளைத் திருப்பித் தர முடியாவிட்டால், பொருளை இழந்தவருக்கே உழைக்கப் போகவேண்டும். சிறையில் போட்டால் பொருளைப் பறிகொடுத்தவருக்கு என்ன லாபம் என்று கேட்கும் சட்டம் அது. பதோல்லி என்ற பகடையாட்டத்தில் தோற்றுத் தன்னையே வைத்து ஆடியவர்களும் உண்டு. தானாகவே தன்னை விற்றுக்கொண்டவர்கள் இன்னொரு வகை. இந்த விற்பனை குறைந்தது நான்கு சாட்சிகள் முன்னால் நடக்கும். விலையாகத் தரப்பட்டது பெரும்பாலும் 20 குவாச்த்லி, அதாவது பருத்தித் துணிகள். சாமானியர் ஒருவர் ஒரு வருடம் பிழைக்க அது போதும் என்று, 16ஆம் நூற்றாண்டில் அங்கே போன ஸ்பானிய மோதோலினியா பாதிரியார் எழுதியிருக்கிறார். அந்தத் துணி தீரும்வரை விற்றுக்கொண்டவர் தன் வீட்டில் தன் இஷ்டப்படி இருப்பார், தீர்ந்த பிறகுதான் வேலைக்குப் போவார். முன்பணம் என்றால் இதுவல்லவா முன்பணம்!

பஞ்ச காலத்தில் கதை வேறு. 1454 பஞ்சத்தில் தெனோச்தித்லானின் மெக்சிகா மக்கள் மக்காச்சோளத்துக்காகப் பிள்ளைகளை விற்றார்கள். பெண்ணுக்கு 400 கதிர், ஆணுக்கு 500 கதிர், அதற்குக் குறைந்து விற்கக்கூடாது என்று அரசர் முதலாம் மோக்தேசுமா விதித்ததாக துரான் பாதிரியாரின் வரலாறு சொல்கிறது. விற்பதைத் தடுக்க வழியில்லாத அரசு, விலையையாவது காப்பாற்றப் பார்த்தது.

> "கொத்தடிமை என்று போடலாமே? கடன், உழைப்பு, எல்லாம் பொருந்துகிறது."

பொருந்துவதுபோல் தெரியும், அக்கா. ஆனால் கொத்தடிமை என்பது இன்றைக்கு நம் சட்டத்தில் ஒரு குற்றத்தின் பெயர், 1976-இல் அதற்கென்றே ஒழிப்புச் சட்டம் வந்தது. த்லகோத்லி முறை அந்த நாட்டுச் சட்டமே வகுத்து, சாட்சி வைத்து, நீதிபதி காவல் காத்த ஏற்பாடு. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் அஸ்டெக் நீதிமன்றம் எதைக் காத்தது என்பதே விளங்காமல் போய்விடும்.

குழுவில் ஒருவர் தந்த 'ஈட்டாள்' எனக்குப் பிடித்திருக்கிறது. ஈடு என்றால் அடகு, ஈடு என்றால் இழப்பீடு. கடனுக்குத் தன்னைத் தந்தவரும் திருட்டுக்கு ஈடாகப் போனவரும் ஒரே சொல்லில் அடங்குகிறார்கள். ஒரே ஒரு தொல்லை. 'அவள் ஒரு காசும் ஈட்டாள்' என்று எதிர்மறை வினையாகவும் படிக்கலாம். பள்ளிக்கூடத்துப் பையன்கள் இதை விடமாட்டார்கள். அதனால் கடனாளி மாதிரி 'ஈட்டாளி' என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. கடன்பட்டவர் கடனாளி, ஈடாக நிற்பவர் ஈட்டாளி.

இதில் ஒரு எச்சரிக்கை. சொல் இனிமையாக இருக்கிறது என்பதற்காக முறையை அழகுபடுத்திவிடக் கூடாது. சொல்பேச்சு கேட்காத ஈட்டாளியை சாட்சிகள் முன் பலமுறை எச்சரித்த பிறகு, கழுத்தில் மரக்கட்டை மாட்டிச் சந்தைக்குக் கொண்டுபோவார்கள். அப்படிக் கைமாறிக் கைமாறிப் போனவரைப் பலிக்கு வாங்கிப்போக முடியும். அஸ்கபோட்சால்கோ சந்தையில் பலிக்காக ஆள் வாங்கும் வணிகர்கள், சுமாராக நடனம் ஆடுபவருக்கு 30 துணி, நன்றாக ஆடுபவருக்கு 40 துணி கொடுத்ததாக சஹாகுன் பாதிரியார் தொகுத்த நூலில் இருக்கிறது. விலைப்பட்டியலை வாசிக்கும்போது கை நடுங்குகிறது. கழுத்துக்கட்டையோடு ஓடும் ஒருவர் அரண்மனைக்குள் நுழைந்துவிட்டால் விடுதலை. எசமானரும் அவர் மகனும் தவிர வேறு யாராவது குறுக்கே நின்றால், நின்றவரே அந்த நிலைக்குப் போகவேண்டும். விளக்கக் குறிப்பில் இந்த இரண்டு பக்கமும் வரவேண்டும்.

போரில் பிடிபட்டவர்களை இதில் சேர்க்கவே வேண்டாம். அவர்களுக்கு அஸ்டெக்குகளின் மொழியான நஹுவாத்தில் 'மல்லி' என்று தனிச்சொல் இருக்கிறது. அதை 'போர்ச்சிறையர்' என்று முடித்துவிடலாம். (மல்லி என்று ஒலிபெயர்த்தால் நம்மவர்கள் கொத்தமல்லியைத் தேடுவார்கள்.)

அப்புறம் 'வெவேத்லத்லகோல்லி'. நேர்ப்பொருள் 'பழைய குற்றம்'. ஒரு குடும்பம் தலைமுறைதோறும் ஒரு ஆளை எசமானர் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும் ஒப்பந்தம் இது. பிள்ளை சுதந்திரமாகப் பிறக்கும் என்ற விதிக்குப் பின்வாசல் வழியாக வந்த விலக்கு. 1500களின் தொடக்கத்தில் பஞ்சத்தை ஒட்டி, தெனோச்தித்லானின் கூட்டாளி நகரமான தெஸ்கோகோவின் அரசர் நெசவால்பில்லி இதை ஒழித்தார், தெனோச்தித்லானும் பின்பற்றியது. இதற்குப் புதிதாக எதுவும் ஆக்கவேண்டாம் என்றுதான் முதலில் தோன்றியது. சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட முதியவர் காட்டிய ஆளோலையில், எழுதிக் கொடுத்தவரும் அவர் வழிவருவோரும் செய்யவேண்டியது 'வழித்தொண்டு' என்றுதானே இருக்கிறது? அங்கே பக்தி மணம் ஏறிவிட்டதே என்று தயங்குபவர்கள் 'வழியீடு' என்று வைத்துக்கொள்ளலாம். ஈட்டாளியோடு அதுவும் ஒட்டிப்போகும். என் வாக்கு வழியீட்டுக்கே.

போச்தேகா வணிகர்களுக்கு 'சாத்துவணிகர்' என்று போன வாரம் வந்த முன்மொழிவுக்கு மறுப்பில்லை. தொலைதூரம் கூட்டமாகப் போனவர்கள், சாத்து என்றால் அதுதான். குறிப்பில் ஒரு வரி மட்டும் கூட்டவேண்டும்: த்லதெலோல்கோ சந்தையில் வழக்கு விசாரித்தவர்கள் சந்தை நீதிபதிகள், கள்ள அளவையை உடைத்துப்போட்டவர்கள் சந்தைக்குள் சுற்றிவந்த கண்காணிப்பாளர்கள். பத்துப் பன்னிரண்டு நீதிபதிகள் அங்கே உட்கார்ந்திருந்ததை, அந்த நாட்டைப் பிடித்த ஸ்பானியத் தளபதி எர்னான் கோர்த்தேஸ் தன் கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

பட்டியலுக்கு என் வரைவு:

ஈட்டாளி – கடன், சூதாட்டம், திருட்டு, வறுமை காரணமாகத் தன் உழைப்பைச் சட்டப்படி இன்னொருவருக்கு ஒப்படைத்தவர். இந்நிலை பிறப்பால் தொடராது. பன்மை: ஈட்டாளிகள்.

வழியீடு – ஒரு குடும்பம் தலைமுறைதோறும் ஓர் ஈட்டாளியைத் தரும் கடப்பாடு.

'சட்டப்படி' என்ற சொல் முதல் வரியில் இருந்தே ஆகவேண்டும். மற்றதையெல்லாம் வெட்டலாம், திருத்தலாம்.