மேனுஃபாக்சர்டு வீட்டில் சேர்த்துக் கட்டிய அறையால் லோன் நிற்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். டெக்சாஸில் 1998-ல் தயாரான ஒரு டபுள் வைடு வீட்டை (தொழிற்சாலையில் இரண்டு பகுதிகளாகச் செய்து, கொண்டுவந்து இணைத்த வீடு) வாங்க எஃப்எச்ஏ லோன் (அமெரிக்க அரசு காப்பீடு தரும் வீட்டுக் கடன்) கேட்டிருக்கிறோம். இப்படிப்பட்ட வீடுகளுக்கான மத்திய அரசுத் தரவிதி அமலுக்கு வந்த 1976 ஜூன் 15-க்குப் பிறகு செய்தது, அந்த விதிப்படி செய்ததைக் காட்டும் சிவப்பு ஹட் (அமெரிக்க வீட்டுவசதித் துறை) தகடும் வெளிச்சுவரில் இருக்கிறது, அதனால் சிக்கல் வராது என்று நம்பியிருந்தோம். ஆனால் மதிப்பீட்டாளர் வந்து, பின்பக்கம் முந்தைய உரிமையாளர் சேர்த்துக் கட்டிய அறையைக் குறித்துக்கொண்டு போனார். இப்போது ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் (கட்டட உறுதியைச் சோதிப்பவர்) அறிக்கை இல்லாமல் ஃபைல் நகராது என்கிறார்கள் லோன் தருபவர்கள்.

தொழிற்சாலையில் செய்த சுவர் மேல் புதிய அறையின் பாரத்தை ஏற்றக்கூடாது, அது தனி அஸ்திவாரத்தில் தானாக நிற்க வேண்டும், சரி, அது நியாயம்தான். இங்கே அறையின் கூரைச் சட்டங்களை வீட்டுச் சுவரிலேயே பலகை அடித்து மாட்டியிருக்கிறார்கள். பெர்மிட் காகிதமும் விற்பவரிடம் இல்லை.

யாராவது இதைக் கடந்து வந்திருக்கிறீர்களா? சுவரை ஒட்டித் தூண் வைத்து பாரத்தை மாற்றினால் இன்ஜினியர் கையெழுத்துப் போடுவாரா, இல்லை அறையை இடிப்பதுதான் வழியா? அப்புறம், அந்தச் செலவை விற்பவரே ஏற்கும்படி பேசி முடித்தவர்கள் இருந்தால் எப்படிப் பேசினீர்கள் என்று சொல்லுங்கள். அந்த அறை தரைமட்டத்தில் இருக்கிறது, முட்டிவலியோடு இருக்கும் அம்மா படியேறாமல் உள்ளே வரலாம், அதனால்தான் இந்த வீடே பிடித்தது. ஒப்பந்தக் கெடு இன்னும் இரண்டு வாரம்தான்.