லாசிக் சிகிச்சைக்கு ஒரு கலைச்சொல்

மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். கண் மருத்துவமனை ஒன்றின் ஒப்புதல் படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் தமிழாக்கித் தர வேண்டும். லேசருக்குச் சீரொளி என்று எழுதிவிட்டேன். பார்வைக் குறைபாட்டைச் சரிசெய்யும் லாசிக் சிகிச்சையின் பெயர் விரிவில் வரும் ‘கெரட்டோமைலியூசிஸ்’ மட்டும் பிடிகொடுக்கவில்லை. ‘சீரொளிக் கருவிழிச் சீரமைப்பு’ பொருந்துமா?

தமிழாசிரியர்:
சீரமைப்பு பொத்தாம்பொதுவான சொல். கொலம்பியாவின் பொகோட்டாவில், இம்முறைக்கு முன்னோடியான கண் மருத்துவர் பர்ராகேர் கருவிழியின் மேற்பகுதியைச் சீவியெடுத்து, உறையவைத்து, கடைந்து, மீண்டும் பொருத்தினார். அதற்கேற்பச் செதுக்குதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையே பெயரில் வைத்தார். நம்மிடம் இழைத்தல் இருக்கிறது. தச்சரின் இழைப்புளி தள்ளுக்கொரு மெல்லிய சுருளாக மரத்தைச் சீவுவதுபோல, லாசிக்கில் பயன்படும் எக்சைமர் என்னும் புற ஊதா லேசரின் ஒவ்வொரு துடிப்பும் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான ஆழத்தையே அரிக்கிறது. ஆகவே ‘சீரொளிக் கருவிழியிழைப்பு’ என்பேன். யகர உடம்படுமெய் இயல்பாக அமைகிறது. ஆயிழை, சேயிழை என்னும் அன்மொழித்தொகைகளில் உள்ள இழையும், இழைத்துச் செய்த அணி என்பதால் வந்த பெயரே என்பது என் துணிபு.

கண் மருத்துவர்:
ஐயா, என் கவலை கருவிழியைப் பற்றியது. ‘கருவிழி மாற்று அறுவை சிகிச்சை’ என்று நாங்களே எழுதினாலும், நோயாளி அதைக் கண்ணின் கறுப்பு வட்டமாகவே எண்ணுகிறார். லேசர் படுவதோ அதற்கு முன்னால், நடுவில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள, ஒளி ஊடுருவும் படலத்தில். அதை விழிவெண்படலம் என்றால் கண்ணில் பூ விழுந்துவிட்டதோ என்று அஞ்சுவார்கள். மேலே ஒரு மடல் திறக்கப்படும், அடியிலுள்ள திசு அரிக்கப்படும், மடல் தையலின்றி மூடப்படும், சில மாதங்கள் கண் உலர்வு இருக்கலாம், நாற்பது வயதுக்கு மேல் வெள்ளெழுத்துக் கண்ணாடி தேவைப்படலாம் என்பவை கையொப்பமிடுபவருக்குப் புரிந்தாக வேண்டும். சீரொளி என்று கேட்டு வருபவரை நான் கண்டதில்லை; லேசரே இருக்கட்டும்.

தமிழாசிரியர்:
புரிதல் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆயினும் 1981இல் ஐபிஎம் ஆய்வகத்தில், இந்த லேசர் சுற்றியுள்ள திசுவைக் கருக்காமல் அரிக்கும் எனக் கண்டவர்களுள் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ரங்கசாமி சீனிவாசன். அவ்வழி வந்த சிகிச்சைக்குத் தமிழ்ப் பெயரே வேண்டாம் என்பதை என்னால் ஏற்க இயலாது.

மொழிபெயர்ப்பாளர்:
பெரும்பான்மைக் கருத்துப்படி, தலைப்பில் ‘லாசிக் லேசர் சிகிச்சை’, உள்ளே ‘கருவிழியின் முன்படலம்’, ‘மடல்’ என்று வைத்து அனுப்புகிறேன்.

தமிழாசிரியர்:
மடல் நல்ல சொல். தலைப்பின் கீழே சிறிய எழுத்திலாவது ‘கருவிழியிழைப்பு’ இடம்பெறட்டும் என்ற என் வேண்டுகோளைத் திரும்பப் பெறவில்லை.