ஏற்காடு போகும்போது எண்ணெய், ஷாம்பு கசியாமல் எப்படி எடுத்துப் போகிறீர்கள்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அஸ்தம்பட்டி அக்கா:

கோடை விழா நெருங்குகிறது, ஊரே மேலே கிளம்பும். அதற்கு முன்னால் இதைப் பேசிவிடலாம் என்று தோன்றியது.

ஒருமுறை என் அக்கா குடும்பத்தோடு மேலே தங்கப் போனோம். தேங்காய் எண்ணெய்க் குப்பியின் மூடியை அக்கா நன்றாக இறுக்கித்தான் வைத்திருந்தார். கீழே அடிவாரத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது பையில் ஒரு சொட்டு இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவையும் தாண்டி ஏரிக்கரையில் இறங்கிப் பார்த்தால், கோயிலுக்குக் கட்ட வைத்திருந்த சேலையின் மடிப்பில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய். குப்பியில் விரிசல் இல்லை, மூடியும் கழன்றிருக்கவில்லை.

காரணம் குப்பிக்குள் இருந்த காற்று. சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டர். அந்த ஒரு மணி நேர ஏற்றத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் எட்டில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. கீழே மூடிய குப்பிக்குள் இருக்கும் காற்று அதனால் விரிகிறது. 100 மி.லி. குப்பியில் பாதி எண்ணெய், பாதி காற்று என்றால், அந்தக் காற்றுக்கு இன்னும் 7, 8 மி.லி. இடம் வேண்டும். குப்பி நிமிர்ந்து நின்றால் மூடி இடுக்கில் காற்று மட்டும் போகும். படுத்துக் கிடந்தால் மூடிப் பக்கம் இருப்பது எண்ணெய், அதைத்தான் காற்று வெளியே தள்ளும். ஒரு தேக்கரண்டிக்கு மேல் எண்ணெய், ஒரு பட்டுச் சேலைக்கு அது போதும்.

அதனால் இப்போது எங்கள் வீட்டில், அமுக்கினால் அமுங்குகிற குப்பியாக எடுத்து, எண்ணெய் வாய் வரை வரும்படி பக்கவாட்டில் அமுக்கிப் பிடித்துக்கொண்டே மூடியைத் திருகுகிறோம். உள்ளே காற்று அதிகம் இருக்காது, குப்பிக்கு உப்ப இடமும் இருக்கும். மேலே போய்ப் பார்த்தால் ஒடுங்கின குப்பி கொஞ்சம் நிமிர்ந்திருக்கும், அவ்வளவுதான். கண்ணாடிக் குப்பி என்றால் தலைதட்ட நிரப்பிவிடுங்கள். அரைக் குப்பி எண்ணெயோடு மலையேற வேண்டாம்.

அம்மாப்பேட்டை மருமகள்:

அக்கா, சேலையில் எண்ணெய் பட்டால் உடனே தண்ணீரில் நனைக்கிறார்கள், அது வேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்லுங்கள். எங்கள் மாமியார் தறிக்காரர் வீட்டில் பிறந்தவர். வெண்பட்டு வேட்டியில் கை எண்ணெய் பட்டால் முதலில் தேடுவது முகப் பவுடர். கறையின் மேல் கனமாகத் தூவி, அடியில் பழைய பனியன் துணியை மடித்து வைத்து, தேய்க்காமல் அப்படியே ராத்திரி முழுக்க விட்டுவிடுவார். காலையில் பவுடர் எண்ணெயை உறிஞ்சிக் கட்டி கட்டியாக நிற்கும். மெல்ல உதறி, மிச்சம் தெரிந்தால் இன்னொரு தடவை. தேய்த்தால் எண்ணெய் இழைக்குள் இறங்கிவிடும்.

இன்னொன்று. தண்ணியாக இருக்கிற பொருளைத் தூக்கிக்கொண்டு போவானேன்? எங்களுக்கு அரப்பு இருக்கிறது. தலைக்கு அரப்புத்தூள், உடம்புக்குப் பயத்தமாவு, இரண்டையும் தனித்தனிச் சின்ன எவர்சில்வர் சம்படத்தில் போட்டுக்கொண்டால் எந்த மலையேறினாலும் கசியாது. ஒரே ஒரு கவனம், தூள் டப்பாவுக்குள் ஈரக் கையை விடாதீர்கள். மேலே பனிக்காற்றில் ஈரம் பட்டுக் கட்டி தட்டிவிடும், அப்புறம் வாடையும் மாறிவிடும்.

செவ்வாய்ப்பேட்டை ரெப்:

மருந்துக் கம்பெனி ரெப் நான், வாரம் முழுக்க ரயிலும் பஸ்ஸுமாக அலைகிற வேலை. ஏற்காடு எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் சென்னையில் டாக்டரைப் பார்க்கச் சட்டை சுத்தமாக இருக்க வேண்டும். நான் செய்வது: குப்பியின் மூடியை முழுசாகக் கழற்றி, வாயில் கெட்டியான பாலிதீன் துண்டை இரண்டாக மடித்துப் போர்த்தி, அதன் மேல் மூடியைத் திருகுவது. மூடிக்குள்ளேயே சின்னத் திறப்பு வைத்த குப்பிகள்தான் அதிகம் கசிகின்றன. பையின் மேல் சூட்கேஸ் உட்கார்ந்தால் அந்தத் திறப்பு தானாகத் திறந்துகொள்கிறது. அழுத்தி எடுக்கிற பம்ப் வைத்த குப்பியை நான் எடுப்பதே இல்லை.

ஷாம்புக்குச் சாஷே இருக்கவே இருக்கிறது. சாஷே ஷாம்புவுக்கு வழி காட்டியவர் நம் கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன், என்னைப் போன்ற ஊர்சுற்றிகள் எல்லோரும் அவருக்குக் கடமைப்பட்டவர்கள். ஆனால் பாதி உபயோகித்த சாஷேயை மடித்து வைக்கக் கூடாது. மிச்சத்தைத் துவைக்கிற துணியில் ஊற்றிவிடுவேன்.

சோப்பு டப்பாவில் ஈரச் சோப்பைப் போட்டு மூடினால் சாயங்காலம் கூழ். குளித்ததும் சோப்பைத் துண்டில் ஒற்றி, ஒரு பழைய கர்சீப்பில் சுற்றித்தான் டப்பாவில் வைக்கிறேன்.

ஏற்காடு, வீட்டோடு அறை வாடகைக்கு விடுபவர்:

கீழேயிருந்து வருகிறவர்களை வருஷம் முழுக்கப் பார்க்கிறேன், அக்கா சொன்ன காற்று விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. பற்பசையைத் திறந்தவுடன் அது தானாக வெளியே வந்து வாஷ்பேசினில் விழுவதைப் பார்த்துக் குழந்தைகள் சிரிப்பார்கள். சிப்ஸ் பாக்கெட் தலையணையாக உப்பியிருக்கும்.

நான் சேர்க்க விரும்புவது கீழே இறங்கும் நாளைப் பற்றி. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழி, தை மாதங்களில் இங்கே குப்பியில் வெள்ளைக் கட்டியாகத்தான் நிற்கும். கெட்டியாக இருக்கிறதே, எங்கே கசியப் போகிறது என்று மூடியைச் சும்மா வைத்துப் பைக்குள் போட்டுவிடுகிறார்கள். குப்பனூர் பக்கம் இறங்கினாலும் சரி, அடிவாரம் பக்கம் இறங்கினாலும் சரி, வெயிலில் நின்ற வண்டியின் டிக்கியில் அது உருகி ஓடும். உறைந்திருந்தாலும் ஏறும்போது கட்டிய அதே கட்டு கட்டுங்கள். எண்ணெய் எடுக்க முடியவில்லை என்றால் குப்பியைக் கொஞ்ச நேரம் வெந்நீர் வாளியில் நிறுத்தினால் போதும். கரண்டியால் நோண்டி மூடியின் வாயை உடைத்துக்கொண்டவர்களும் உண்டு.

ஒரு வேண்டுகோள். காலி சாஷேக்களைத் தயவுசெய்து காப்பித் தோட்ட ஓரத்தில் எறியாதீர்கள். காட்டெருமைகள் நடமாடுகிற இடம் இது. ஒரு கவரில் சேர்த்துக் கீழே கொண்டுபோய்விடுங்கள்.

குகை தம்பி:

பிளேனில் போகிறவர்களுக்கு: இங்கிருந்து வெளிநாடு போகும் விமானம் என்றால் கைப்பையில் ஒவ்வொரு குப்பியும் 100 மி.லி.க்குள், எல்லாம் சேர்ந்து 1 லிட்டர் பிடிக்கிற ஒரே பைக்குள் அடங்க வேண்டும். 200 மி.லி. குப்பியில் அடியில் கொஞ்சம் இருந்தாலும் விடமாட்டார்கள், குப்பியில் அச்சடித்த அளவுதான் கணக்கு.

அக்கா, அம்மா தலைச்சாயம் எடுத்துப் போக வேண்டும் என்கிறார். அது கசிந்தால் பவுடருக்கும் போகாதே?

அஸ்தம்பட்டி அக்கா:

போகாது தம்பி. சாயத்தை மட்டும் நான் துணிப் பையில் விடவே மாட்டேன். தூளாக வருகிற பாக்கெட்டை வாங்கிக் கொடு, மேலே போய்த் தண்ணீர் ஊற்றிக் கலந்துகொள்ளட்டும். அம்மா திரவம்தான் வேண்டும் என்றால், திறக்காத புதுக் குப்பியாக, பாலிதீன் கவரில் கட்டி, மூடியுள்ள எவர்சில்வர் சம்படத்துக்குள் நிமிர்த்தி வைத்து, காலடியில் வைத்துக்கொண்டு போகச் சொல். டிக்கியில் வேண்டாம்.

பயத்தமாவில் கஸ்தூரி மஞ்சள் கலந்து எடுத்துப் போகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? தங்கும் இடத்து வெள்ளைத் துண்டில் மஞ்சள் ஏறாமல் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?